பாலம் காலியா?

ஆற்றின் மேலிருந்த கல்பாலம் குதிரை வண்டிக் காலத்தில் கட்டியது. ஒரு வண்டி ஏறிவிட்டால் எதிர் வண்டி கரையிலேயே நிற்க வேண்டும். நடைபாதை கிடையாது. நடந்து போகிறவர்கள் சத்தம் கேட்டதும், தூண்களுக்கு மேலே கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மூலைகளில் ஒதுங்கிக்கொள்வார்கள். போதாததற்கு, நடுவில் பாலம் முதுகைத் தூக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் நிற்பவருக்கு அந்தக் கரை தெரியாது.

ஒரு லாரி சுவரை இடித்துவிட்டுப் போன பிறகுதான் சாலைத் துறைக்கு அந்தப் பாலம் ஞாபகம் வந்தது. சிக்னல் விளக்கும், நடப்பதற்குத் தனி ஓரமும் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அது வரும்வரை கரைக்கு ஒருவராக இரண்டு ஆட்களை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகை, ஒரு வாக்கி டாக்கி. வேலை அவ்வளவுதான். பலகையைப் பச்சைக்குத் திருப்புவதற்கு முன்னால் "பாலம் காலியா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் "காலி" என்று சொன்ன பிறகே வண்டியை விட வேண்டும். நடந்து யாராவது ஏறினால் "ஆள் வருது" என்று சொல்ல வேண்டும்.

ஊர்க் கரையில் நின்றவர் கொத்து வேலையிலிருந்து ஓய்ந்த மேஸ்திரி. எதிர்க் கரையில் நின்றவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் மேஸ்திரி மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மாமனும் மச்சானும் ஆளுக்கொரு கரையில் நின்று பேசிக்கொண்டே வேலை பார்க்கலாம், எவ்வளவு வசதி என்று ஊர் நினைத்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது சாலைத் துறைக்குத் தெரியாது.

காரணம் ஒரு வாக்கியம். தபால்காரரின் ஒரே மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனவன். போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஒருநாள் முடிவெட்டும் கடையில் நாலு பேர் இருக்கும்போது மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் தபால் குடுத்தவன் வீட்டுக்கு ஒரு தபால் வரலையேப்பா!" கடை சிரித்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் துண்டை உதறிவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

"விளையாட்டுக்குச் சொன்னேன். அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றார் மேஸ்திரி மனைவியிடம்.

"விளையாட்டுக்குக் கிள்ளினாலும் வலிக்கத்தானே செய்யும்? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"அவன் சின்னவன். அவனே வரட்டும்."

வாக்கி டாக்கியில் முதல் சில நாட்கள் "காலியா", "காலி" என்றாவது குரல் வந்தது. பிறகு தபால்காரர் அதையும் நிறுத்தினார். கருவியில் கூப்பிடும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் மறுமுனையில் 'பீப்' என்று கத்தும். ஒரு தரம் அழுத்தினால் காலி. இரண்டு தரம் அழுத்தினால் பொறு. யாரும் யாரிடமும் சொல்லி வைக்காமலே இப்படி ஓர் ஏற்பாடு உண்டாகிவிட்டது. மேஸ்திரிக்கும் அது தோதாக இருந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை, விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

மேஸ்திரியின் மனைவி கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கூண்டுக் கிளிகூட ரெண்டு வார்த்தை பேசும். ரெண்டு கிழங்களும் பீப்பு பீப்புன்னு கத்திக்கிட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

தபால்காரருக்கு மனைவி இல்லை. அதனால் மதியத்தில் கணவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, இன்னொரு டப்பாவோடு பாலத்தில் நடந்து தம்பிக்கும் கொடுத்துவிட்டு வருவாள். போகும்போது, "உங்க மாப்பிள்ளைக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். திரும்பும்போது, "மாமாவுக்கு ஏதாவது சொல்லணுமான்னு அவனையும் கேட்டேன். ஒண்ணுமில்லையாம். ரெண்டு ஒண்ணுமில்லயையும் சுமந்து சுமந்து என் கைதான் வலிக்குது" என்பாள்.

அன்று காலையிலிருந்தே தூறல். மதியம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் பாலத்தில் ஏறினாள். மேஸ்திரி பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார். எதிர்க் கரையில் அப்போது ஒரு பால் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் அவசரத்தில் ஹாரனை அடித்தார். அந்தச் சத்தத்தில் தபால்காரர் காதில் ஒரு பீப்தான் விழுந்தது. அவர் பலகையைப் பச்சைக்குத் திருப்பினார்.

லாரி பாலத்தின் முதுகில் ஏறி இறங்கிய பிறகுதான் ஓட்டுநர் குடையைப் பார்த்தார். அவள் ஒதுங்க ஓடிய மூலையில் சுவர் வேலைக்கான மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நனைந்த கல்லில் லாரி வழுக்கியது. பக்கவாட்டில் வந்து அவள் தோளைச் சுவரோடு அழுத்திவிட்டு நின்றது.

பிரேக் சத்தம் கேட்டு இந்தப் பக்கமிருந்து மேஸ்திரி ஓடினார். அந்தப் பக்கமிருந்து தபால்காரர் ஓடி வந்தார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி இருவரும் கத்தினார்கள். அவளைத் தூக்கும்போது தபால்காரர், "மாமா, தலையப் பிடிங்க, தலையப் பிடிங்க" என்றார். அவர் பேசியதை மேஸ்திரி வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தார்.

தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவள் படுக்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாரு வண்டிய விட்டது?"

"நான்தான்க்கா. சரியா கேக்காம விட்டுட்டேன்."

"இல்ல, தப்பு என்னோடது" என்றார் மேஸ்திரி. "'உங்க அக்கா வர்றா'ன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுல மட்டும் ஒத்துப் போறீங்க" என்றாள். சிரிக்க முயன்றாள், வலியில் சிரிப்பு வரவில்லை.

சாலைத் துறை விசாரித்தது. பொறியாளர் இருவரையும் தனித்தனியே கேட்டார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். இருவருமே தம்மீது பழியைப் போட்டுக்கொண்டதில் அவருக்கு எழுதவே வரவில்லை. கடைசியில் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வருமோ வராதோ என்றிருந்த சிக்னலும் கம்பித் தடுப்பு போட்ட நடை ஓரமும் அந்த மாதமே வந்துவிட்டன. ஊர் வயிறெரிந்து கேட்டபோது வராதது, ஒருத்தி தோளைக் கொடுத்ததும் வந்தது.

அவளுடைய வலது கை இடுப்புக்கு மேலே எழவில்லை. சமையல், துவையல் எல்லாம் மேஸ்திரி கைக்கு வந்தன. தலைவாரிவிடுவதும் அவர்தான். சிமெண்டு குழைத்த விரல்களுக்குப் பின்னல் பிடிபடப் பல நாளானது.

"சுவரு எழுப்பறீங்களா, சடை போடறீங்களா? மெல்ல இழுங்க."

தபால்காரர் மாலையானால் வந்துவிடுவார். பழம் வாங்கி வருவார். மச்சானும் மாமனும் இப்போது நிறையப் பேசினார்கள். மழையைப் பற்றி, மருந்தைப் பற்றி, வைத்தியர் சொன்னதைப் பற்றி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து, மரியாதையாகத் தலையாட்டிப் பேசினார்கள். பழைய கேலி திரும்பவேயில்லை.

ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மேஸ்திரி மெல்ல ஆரம்பித்தார். "மாப்ளே, அன்னைக்கு முடிவெட்டற கடையில நான் சொன்னது..."

"விடுங்க மாமா."

"இல்லடா, சொல்லிடறேன். தப்பு. அப்பவே தெரியும் எனக்கு, தப்புன்னு."

தபால்காரர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் அப்பவே ரெண்டு வார்த்தை திட்டியிருக்கணும் மாமா. திட்டியிருந்தா அங்கயே தீர்ந்திருக்கும்." தெருமுனை வரை போய் அவர் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்.

குளிர்காலம் முடிந்தபோது அவளே கேட்டாள். "தம்பி வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா? எப்பவும் அவனே வர்றான்."

இருவரும் பாலம் வரை நடந்தார்கள். ஓரம் குறுகலானதால், ஆள் கடக்கும்வரை வண்டிகளை நிறுத்த கம்பத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அவள் இடது கையால் அழுத்தினாள். இரண்டு கரையிலும் வண்டிகள் நின்றன. சிக்னலில் பச்சை மனித உருவம் ஒளிர்ந்தது. கம்பித் தடுப்புக்குள் புது ஓரம் சுத்தமாக, காலியாகக் கிடந்தது.

அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு அதைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நான் கூட வர்றேன்ல, வா" என்றார் மேஸ்திரி.

"தெரியுது. கால்தான் கேக்கமாட்டேங்குது." அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு நாள் போவோம்."

யாரும் கடக்காத பாலத்துக்காக வண்டிகள் காத்திருந்தன. பின்னாலிருந்து யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மேஸ்திரி அவளைத் தன் பக்கம் மெல்ல இழுத்து, வீட்டை நோக்கித் திருப்பினார்.