முப்பத்தொன்றுக்கு வேர்த்த கணினி

முதலியார்பேட்டை தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் எண் கணினிக்கு, தப்பான மதிப்பெண்ணை அடித்தால் வேர்க்கும். திரையின் கீழ் விளிம்பில் முத்து முத்தாகத் துளிர்த்து மேசையில் சொட்டும். ஏசிதான் காரணம் என்று ஏசியை மாற்றிப் பார்த்தார்கள், வேர்த்தது. பழுது பார்க்க வந்தவர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புக் கரிக்கிறது, இதற்கு எங்களிடம் பாகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு, அதைத் துடைக்க வருடத்துக்கு ஆறு துண்டு என்று அலுவலகப் பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறிவிட்ட விஷயத்தை ஆபீசில் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

பதினொரு வருடமாக அதில் மதிப்பெண் ஏற்றியவர் ஜிஸ்லேன். அண்ணன்மார் இருவரும் பிரான்சிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரிசல்ட் போட்டுவிட்டு வருகிறேன் என்பார். அதற்குள் அடுத்த பரீட்சை வந்துவிடும். எழுபத்து மூன்றை முப்பத்தேழு என்று கை மாற்றி அடித்தால் கணினி வேர்க்கும், துடைத்துத் திருத்துவார். அவர் கையில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்கூட மாறிப் போனதில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த அம்மாளுக்கும் ஒன்று வைக்கலாம்.

போன வருடம் நர்சிங் கடைசித் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஓர் எண்ணுக்கு முப்பத்தொன்று என்று அடித்ததும் கணினி வேர்த்தது. தேற நாற்பது வேண்டும். திருத்தியவர்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், முப்பத்தொன்றுதான். அழித்துவிட்டு மறுபடி அடித்தார். நான்கு துண்டுகள் நனைந்தன. அதிகாரி அரிகிருஷ்ணன் வந்து, பட்டியலில் இருப்பதைப் பதிந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள் என்றார்.

ஜிஸ்லேன் பதியவில்லை. "சார், நான் தப்பா அடிச்சா இது வேர்க்கும். நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன். அப்போ தப்பு வேற எங்கியோ இருக்கு."

சீல் வைத்த விடைத்தாள் கட்டைக் காரணமில்லாமல் பிரிக்க முடியாது, உள்ளே பிழை இல்லையென்றால் உங்கள் வேலை போய்விடும் என்றார் அவர். ஜிஸ்லேன் பொறுப்பு என்னுடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டைப் பிரித்தார்கள். விடைத்தாளின் கடைசியில் நூலால் கட்டிய கூடுதல் தாள் ஒன்று இருந்தது. அதற்குப் போட்ட பதினெட்டு மதிப்பெண்ணை, தாள் திருத்தியவர் முன்பக்கக் கூட்டலில் சேர்க்கவில்லை. நாற்பத்தொன்பது என்று அடித்ததும் திரை காய்ந்துவிட்டது. அரிகிருஷ்ணன் துண்டை வாங்கி மேசையைத் துடைத்தார்.

அந்த எண் நோணாங்குப்பம் வினோதாவுடையது. அடுத்து வந்த திங்கட்கிழமைக்குள் தேர்ச்சி காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் வேலை என்றிருந்தது. ஞாயிறன்று ரிசல்ட் வந்தது. திங்களன்று வேலையில் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து மதிப்பெண் பட்டியல் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு படகுத் துறைக்கு ஓடினாள். அவள் அப்பா அய்யப்பன் அங்கே படகு ஓட்டுகிறவர். கணினி வேர்த்துக் கூட்டலைத் திருத்திய கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கொடுக்கும்போதே காற்று பிடுங்கித் தண்ணீரில் போட்டது. கடற்கரைக்குப் போகவிருந்த பயணிகள் ஐயோ என்றார்கள். அய்யப்பன் குனிந்து எடுத்தார். தாள் இஸ்திரி போட்டதுபோல் காய்ந்திருந்தது. பயணிகள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"கூட்டல் சரியா இருந்தா எதுக்கு நனையப் போவுது?" என்று சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டு, அய்யப்பன் படகைக் கிளப்பினார்.