சிவப்புக் கைப்பிடி குக்கரும் இரண்டு துணைக்கேள்விகளும்

சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் ஓரமாக உட்காரும் அந்த அம்மாவுக்கு அமைச்சர்கள் ரகசியமாக வைத்திருந்த பெயர் 'பல் டாக்டர்'. அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. ஆனால் அவர் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டதுமே எதிரே இருக்கும் அமைச்சர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதன்பிறகு வாயிலிருந்து வெளியே வருவது எதுவும் அவர் வசத்தில் இருக்காது. மின்துறை அமைச்சருக்கு அம்மாவின் கேள்வி வரும் நாளெல்லாம் காய்ச்சல் வந்துவிடும். பொய்க்காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர் உடைகிற அளவுக்கு நிஜக்காய்ச்சல்.

அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில், சாய்ந்தால் கீழே இருக்கும் அமைச்சரின் வழுக்கை மீதே விழுந்துவிடக்கூடிய இடத்தில், அம்மாவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். உலகத்தில் எத்தனையோ மீட்டர்களைப் பார்த்திருந்தாலும் தன் பெண்டாட்டியைப் போல நிற்காமல் ஓடும் மீட்டரைப் பார்த்ததே இல்லை என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை வழியும்.

ஆனால் அன்று அவர் வந்தது பெருமைப்பட அல்ல. காரணம் அவருடைய அக்கா.

கணவர் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா. சமையலில் அவர் கைப்பக்குவம் எப்படியென்றால், பக்கத்துத் தெருக்காரர்கள் வாசனையைத் தொட்டுக்கொண்டே வெறும் ரொட்டியைத் தின்றுவிடுவார்கள். போன மாதம் புதிதாக வாங்கிய சிவப்புக் கைப்பிடி குக்கர் அவர் முன்னால் வெடித்தது. மூடி கூரையில் போய் அடித்தது. கண் தப்பியதே பெரிய விஷயம்; கன்னத்திலும் கையிலும் வெந்துபோயிற்று. காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஆறாதது வேறொன்று. புகார் கொடுத்ததற்கு நுகர்வோர் துறையிலிருந்து வந்த பதில்: குக்கரில் குறை இல்லை, சமைத்தவர் சரியாகப் பயன்படுத்தவில்லை.

"எனக்குச் சமைக்கத் தெரியலையாம், தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு அடுப்படிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். தம்பி வைக்கும் கஞ்சியையே சாப்பிட்டார். அந்தக் கஞ்சியைத் திட்டாமல் சாப்பிடுகிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரும் நம்ம அம்மாவும் ஒரே வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூடச் சண்டை போடாமல் தூங்கியதில்லை. ஆனால் துறையின் பதிலைப் படித்த அன்று அம்மா சண்டைக்கே வரவில்லை. நேரே போய்ச் சட்டசபையில் கேள்வி கொடுத்துவிட்டு வந்தார். கூட்டத்தொடரின் கடைசி நாளில் அது எடுக்கப்பட்டது. முக்கியக் கேள்விக்கு அமைச்சர் பதில் படிப்பார். அதற்குமேல் இரண்டே இரண்டு துணைக்கேள்விகள். அதற்குள் உண்மையை வாங்கினால் உண்டு, விட்டால் அடுத்த கூட்டத்தொடர்.

அம்மாவின் தொழில் ரகசியம் ஒன்று இருந்தது. 'ஏன்' என்று கேட்கவே மாட்டார். "ஏன்னு கேட்டா அரை மணி நேரம் சொற்பொழிவு ஆத்துவாங்க. என்ன கலர்னு கேளுங்க, வேர்த்துடும்" என்பார்.

நுகர்வோர் துறை அமைச்சர் எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும். அக்காவின் குக்கரைச் செய்த கம்பெனியின் குக்கர்கள் யாவும் தரச்சோதனையில் தேறியவை என்றும், பயப்பட எதுவும் இல்லை என்றும் படித்தார். அதோடு உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பார். கைதட்டல் கேட்டதில் கொஞ்சம் உச்சி குளிர்ந்துவிட்டது.

"இன்னும் சொல்லப்போனா, என் வீட்லயும் அதே கம்பெனி குக்கர்தான்! என் மனைவி தினமும் அதுலதான் சமைக்கிறாங்க!"

அம்மா எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். மின்துறை அமைச்சர் பழக்கதோஷத்தில் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முதல் துணைக்கேள்வி. அமைச்சர் வீட்டுக் குக்கருக்குக் கைப்பிடி என்ன கலருங்க?"

ஆளுங்கட்சி வரிசையில் சிரிப்பு. "இதெல்லாம் ஒரு கேள்வியா?" "நாளைக்குக் கரண்டி என்ன சைஸுன்னு கேப்பாங்க!" அமைச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு சுருங்கியது. தன் வீட்டு அடுப்படி மாடியில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

"அது... பார்த்துச் சொல்றேன்."

"சிவப்பா இருந்தா பார்க்கவெல்லாம் நேரம் இல்லீங்க" என்றார் அம்மா. குரலில் துளிக் கிண்டல் இல்லை. "சிவப்புக் கைப்பிடி மாடல்ல சேஃப்டி வால்வு திறக்கறதில்ல. வெடிச்சதை நான் கண்ணால பார்த்திருக்கேன். இது சமைக்கிற நேரம். பதில் அப்புறம் சொல்லலாம். முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

அவைக்குள் கைப்பேசி கூடாது என்பது விதி. அவைத்தலைவர் சுத்தியலைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் அவர் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி நடந்ததைப் பார்த்தவர்கள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லலாம். யாரிடமும் இல்லாத கைப்பேசிகள் எல்லார் பையிலிருந்தும் முளைத்தன. அறுபதைத் தாண்டிய பெரிய மனிதர்கள் மேஜைக்கடியில் குனிந்துகொண்டு, "அம்மாடி, குக்கருக்குக் கைப்பிடி என்ன கலரு?" என்று கெஞ்சினார்கள். "இல்லடி, குடிக்கல, நெஜமாத்தான் கேக்கறேன்" என்று ஒருவர் சத்தியம் செய்தார். சட்டத்துறை அமைச்சர் பதற்றத்தில் மாமியாருக்குப் போட்டுவிட்டு, கைப்பிடியை விட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நுகர்வோர் அமைச்சரின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. மைக்கும் திறந்திருந்தது. அவர் மனைவியின் குரல் அவை முழுக்க ஒலித்தது.

"என்னங்க அதிசயமா இருக்கு? சிவப்புதான். பருப்பு வெச்சிருக்கேன். எவ்வளவு நேரமாச்சு, ஒரு விசில்கூட வரமாட்டேங்குது. என்னன்னு பார்க்கத்தான் போயிட்டிருக்கேன்."

மாடத்தில் நம்ம மீட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார். அக்கா சொன்னதும் இதே வார்த்தை: விசில் வரலையேன்னு கிட்டப் போனேன்.

"கிட்டப் போகாதே!" அமைச்சரின் குரல் உடைந்தது. "சிலிண்டர் வெளியிலதானே இருக்கு? அதை மூடு. உள்ளே போகாதே. அப்படியே வெளிய வா!"

எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டதில் மின்விசிறிகள்கூட மெதுவாகச் சுற்றியதுபோல இருந்தது.

"மூடிட்டேன். தோட்டத்துல நிக்கறேன். ஏங்க, நீங்க அழறீங்களா?"

அமைச்சர் கைப்பேசியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த பதிலை மடித்துப் பையில் போட்டார். "சிவப்புக் கைப்பிடி மாடல் விற்பனை இந்த நிமிஷத்திலிருந்து நிறுத்தப்படுது. வித்ததையும் திரும்ப வாங்குவோம். இது இந்த அவைக்கு நான் கொடுக்கற உறுதி."

எதிர்க்கட்சி வரிசை மேஜைகளைத் தட்டியதில் பாதி மேஜைக்குக் கால் ஆடியது. கட்சித்தலைவர் அம்மாவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் மாடத்துக்கே கேட்கும். "சூப்பர்! இன்னொரு கேள்வி பாக்கி இருக்குல்ல? ராஜினாமா செய்வாரான்னு கேளுங்க! நாளைக்குத் தலைப்புச்செய்தி நம்மதுதான்!"

மாடத்திலிருந்த மீட்டர்காரர் கணக்குப் போட்டார். கேட்டால் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். அடுத்த தேர்தலில் அமைச்சராகவே ஆகலாம். ஆனால் அக்காவுக்கு?

அம்மா தலைவரைப் பார்க்கவே இல்லை.

"இரண்டாவது துணைக்கேள்வி. இப்போ உங்க வீட்ல பருப்பு வெச்சவங்க, ஏதாவது தப்பு செஞ்சாங்களா?"

"இல்லீங்க. அவ என்ன செய்வா பாவம்."

"அதே கேள்வியோட மீதி இது. அப்படின்னா, போன மாசம் இதே மாதிரி விசில் வராம வெடிச்ச வீட்ல சமைச்சவங்க?"

கட்சித்தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். தன் துறை அனுப்பிய பதில் யாரைக் குறை சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எங்க துறை சொன்னதுதான் தப்பு."

"நன்றிங்க" என்று அம்மா உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து யாரோ முதலில் கைதட்ட, பிறகு அவையே தட்டியது. மீட்டர்காரர் தட்டவில்லை. இரண்டு கையும் கண்ணைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தன.

வெளியே வரும்போது, "தலைவரு கோவமா இருக்காரே" என்றார்.

"இருக்கட்டும்ங்க. ராஜினாமாவை வெச்சு உங்க அக்கா என்ன பண்ணுவாங்க?"

வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்தது. உள்ளே அக்கா ஒரு பழைய பாத்திரத்தில் பருப்பைக் கிளறிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். "அந்த மந்திரி தரையில விழுந்து கும்பிட்டாருடி! டிவில காட்டல, ஆனா விழுந்தாரு!"

தம்பியின் பெண்டாட்டியைப் பார்த்ததும் அக்கா போனை வைத்தார்.

"அந்த மந்திரி கடைசி வார்த்தையை முணுமுணுத்துட்டான். இன்னொரு தடவை சத்தமா சொல்லச் சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு கேள்விதான் அண்ணி உண்டு."

"மூணாவதா ஒண்ணு கேட்டா கழுத்தையா வெட்டிடுவாங்க? சரி சரி, வாசல்ல நின்னு வழிய மறைக்காதே. கையைக் கழுவிட்டு உக்காரு, உனக்குத்தான் முதல்ல."