அடிபடாத சைக்கிள்

காலை ஏழு இருபதுக்குச் சைக்கிள் போர்ச்சில் மோதியது.

எட்டு மணிக்குச் சர்ச்சில் ஆராதனை. எபிசன் விடிவதற்கு முன் காரின் கூரையில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு பூதப்பாண்டிப் பக்கம் போய், முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அவசரமாகத் திரும்பியிருந்தான். மேலே சைக்கிள் நிற்பது மறந்துபோனது. காரை நேராகப் போர்ச்சுக்குள் விட்டான்.

சபிதா ஈரத்தலையோடு வெளியே வந்தாள். கூரையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சைக்கிள் ஓட்டப் போறதுக்குக் கார். அந்தச் சைக்கிளுக்கு இந்த வாசல் உயரம் காணாது. இனி போர்ச்சை இடிச்சுப் பொக்கமா கெட்டுங்க."

"சும்மா இரு சபி."

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவையில்தான் அடி. ஃபோர்க் என்பார்கள். கார்பன் இழையில் செய்தது. அதன் இடது காலில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டியது. பார்த்தால் தெரியாது.

நாகர்கோவிலில் இத்தகைய சைக்கிள்களைத் தொடுபவர் ராஜகுமார் ஒருவர்தான். அவர் ஒரு நாணயத்தால் கவையைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்றது. கீறலில் மொத்தென்றது.

"மாத்தணும் சார். பெங்களூர்ல சொல்லி எடுக்கணும். ஒரு மாசம் ஆவும்."

"ஒட்ட முடியாதா?"

"வேற எங்கயாவதுன்னா யோசிக்கலாம். ஃபோர்க்குல ஒட்டு வைக்க என்னால முடியாது. இரும்புன்னா வளையும், வளைஞ்சு நமக்குக் காட்டித் தரும். இது காட்டாது. ஒருநாள் படக்குன்னு ஒடியும்."

விலையையும் சொன்னார். எபிசன் வங்கியில் அதிகாரி. அந்தத் தொகை அவனுக்குப் பெரிதல்ல. ஆனால் தன் கவனக்குறைவுக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கவையைக் கழற்றி எடுத்துக்கொண்டு இராஜாக்கமங்கலம் கடற்கரைக்குப் போனான். அங்கே ஸ்மைலின் என்பவன் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பாறையில் மோதிக் கிழிந்த வள்ளங்கள் அவன் கைபட்டு மறுபடி கடலுக்குப் போயின. வள்ளமும் ஃபைபர், இதுவும் ஃபைபர் என்று எபிசன் நினைத்தான். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஸ்மைலின் கவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் ஒட்டுனா தண்ணி கேறாது. அதுக்கு உறுதி சொல்லுவேன். ரோட்டுல எப்பிடி நிக்கும்னு எனக்குத் தெரியாது. சார்தானே ஓட்டுவிய?"

"ஆமா."

"அப்பம் பைய ஓட்டணும், கேட்டியளா."

கண்ணாடி இழைத் துணி ஒட்டி, பசை பூசி, தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்தான். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. எபிசன் ஒரே ஒருநாள் அதில் ஏறி ஒழுகினசேரி வரை போய் வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் கை தானாகப் பிரேக்குக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் துடைத்துப் படம் எடுத்தான். பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் போட்டான். 'அடிபடாதது' என்று ஒரு சொல் சேர்த்தான்.

மூன்றாம் நாள் திருவட்டாற்றுப் பக்கத்திலிருந்து ரசலையன் வந்தார். ரப்பர் வெட்டுபவர். விரல் இடுக்குகளில் பால் கறுத்துக் கிடந்தது. கூட மகள் அபினா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் கிடந்த பழைய இரும்புச் சைக்கிளில் ஓட்டியே மாவட்டப் போட்டியில் ஜெயித்தவள். அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு.

அவள் சைக்கிளை ஒரு கையால் தூக்கினாள்.

"அப்பா, நம்ம பூச்சைக்க கனம்கூட இல்ல!" வீட்டுப் பூனையைச் சொன்னாள்.

"கீழ வை மக்ளே. வாங்கதுக்கு முந்தியே ஒடிச்சிராத." ரசலையன் எபிசனிடம் திரும்பினார். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். மரத்தப் பாத்தா பால் உண்டா இல்லையான்னு சொல்லுவேன். இதுக்கு அடி வல்லதும் பட்டிருக்கா?"

"இல்ல."

அவ்வளவுதான். ஒரு சொல். அவர் தலையசைத்துவிட்டுப் பணம் எடுக்கப் பையைத் திறந்தார்.

அவர்கள் போனதும் சபிதா கேட்டாள்.

"சொன்னியளா?"

"சொன்னா யாரு வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதத்தான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தியளா?"

இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

எபிசன் ரசலையனின் எண்ணை அழிக்காமல் வைத்திருந்தான். 'சைக்கிளை ஓட்ட வேண்டாம்' என்று இரண்டுமுறை தட்டெழுதினான். ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால், அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும். இரண்டுமுறையும் அழித்தான். பெண் மெலிந்தவள், எடை குறைவு, ஒட்டு தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினொரு நாள் அப்படிப் போயின.

பன்னிரண்டாம் நாள் மதியம் வங்கிக்கு ராஜகுமாரின் அழைப்பு வந்தது.

"சார், ஒங்க சைக்கிள் இங்க வந்திருக்கு. ஓட்டுன பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு."

கடையில் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கவையின் இடது கால் ஒடிந்து தொங்கியது. கறுப்புக்கு உள்ளே ஸ்மைலின் ஒட்டிய இழை வெள்ளையாகப் பிரிந்து நின்றது.

"முந்தாநாள் இறக்கத்துல ஒடிஞ்சிருக்கு. மொகம் குத்தி விழுந்திருக்கா" என்றார் ராஜகுமார். "அவளுக்க அப்பா கொண்டுவந்து போட்டாரு. பிள்ளை எழும்பி வரும்ப சைக்கிள் சரியா இருக்கணுமாம்."

எபிசன் குனிந்து, பிரிந்து நின்ற இழையைத் தொட்டான்.

"நான் அவருட்ட ஒண்ணும் சொல்லல்ல. சொல்ல வேண்டிய ஆளு நான் இல்ல. ஒண்ணு மட்டும் கேளுங்க சார். பழுத மறைச்சு வித்தா, பழுது நம்மள விட்டுப் போயிட்டுன்னு நெனைக்கிறோம். போவாது. ஒண்ணும் தெரியாத ஒருத்தனுக்க எலும்புல போய் ஒடியும். நீங்க வித்தது சைக்கிள் இல்ல, அந்த ஒடிவு."

மருத்துவமனையில் அபினாவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முன்பற்கள் மூன்று இல்லை. அவளால் பேச முடியாது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

ரசலையன் எபிசனைக் கண்டதும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சார் வேலைய விட்டுட்டா வந்திய? எதுக்கு சார் சிரமம்?" குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை கவனமில்லாம குழியில விட்டுட்டா. சார் பொன்னுபோல வச்சிருந்த சாதனம். பன்னிரண்டு நாள் முழுசாத் தெகையல்ல, ஒடிச்சிட்டா. ஒண்ணும் நெனைக்காதிய."

கட்டிலில் அபினா தலையை அசைத்தாள். இல்லை என்பதுபோல. குழியில் விடவில்லை என்று அவள் இரண்டு நாளாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எபிசனுக்குப் புரிந்தது. யாரும் அவளை நம்பவில்லை.

அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

"குழி இல்ல. அவ மேல தப்பு இல்ல" என்றான். "அதுக்கு முந்தியே விரிசல் உண்டு. எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னான். போர்ச்சில் இடித்ததை, மாற்றத்தான் வேண்டும் என்று ராஜகுமார் சொன்னதை, வள்ளத்துக்குப் போடும் ஒட்டைப் போட்டதை, ஒருநாள் ஓட்டிப் பார்த்துத் தானே பயந்ததை. சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் பதினொரு நாள் பயந்திருந்தான்.

"வித்த அண்ணைக்கே சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டு மறைச்சேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் பாத்துக்கிடுதேன்."

அபினா அவனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

ரசலையன் கட்டிலருகே போனார். மகளின் தலையில் கை வைத்தார்.

"அப்பா தெரியாம ஏசிட்டேன், மக்ளே."

கையை எடுக்காமலே எபிசனைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இவ விழாம இருந்திருந்தா, சார் இத எப்பம் சொல்லியிருப்பிய?"