மேலே உருண்டை, கீழே முக்கோணம்

அந்தத் தாவரக் காப்பகத்தில் கோரைகளைப் பற்றித் தெரிந்தவர் இயக்குநர் ஒருவர்தான் என்று வெளியுலகில் பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்குவதால் அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அதன் வழியாக அவர் எதையாவது பார்த்ததாகச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. பார்க்கிற வேலையெல்லாம் பசையக்காவுடையது.

பசையக்கா பதினாறு வருடமாக உலர்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி வருகிறாள். சதுப்பிலிருந்து கட்டுக்கட்டாக வந்திறங்கும் கோரைகள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதே ஒல்லி உடம்பு, அதே பழுப்புக் கதிர். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். அவள் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுவாள். வழுக்கிக்கொண்டு உருண்டால் உருட்டுக்கோரை. விளிம்பு மூன்றும் விரலில் இடறினால் முக்கோரை. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் கதிரைப் பிரித்து, கடுகைவிடச் சிறிய விதையை நுண்ணோக்கியில் வைப்பாள். தண்டும் கதிரும் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தக்கபடி வேஷம் மாற்றும், சொந்தக்காரர்களைப் போல. விதைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

போன மாதம் பூதக்கண்ணாடி பழைய அலமாரியைக் குடைந்து ஒரு தாளோடு ஓடி வந்தார்.

"ஏம்மா, இதப் பாரு! கீழ முக்கோணம், மேல உருண்டை! ஒரே தண்டுல! உலகத்துலயே கிடையாது!"

"விதையப் பாத்தீங்களா சார்?"

"விதையாவது புண்ணாக்காவது. தண்டே கத்திச் சொல்லுதே!"

புது இனம் பிறந்துவிட்டது. அதற்குத் தன் மனைவியின் பெயரையே வைத்தார். பத்து நாளாக வீட்டில் காபி கேட்காமலே வருகிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராகப் பசையக்காவின் பெயர். முன்னெழுத்தோடு, முழுதாக. திரையில் அதைப் பார்த்தபோது யாரோ தூரத்திலிருந்து தன்னைச் சரியாகக் கூப்பிட்டதுபோல் அவளுக்கு இருந்தது. இவ்வளவு வருடத்தில் அவள் பிரித்துச் சொன்ன கோரைகளால் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. எதிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை.

விதையைப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் வேறு வேலை வந்தது. அந்த வேலைகளைத் தானேதான் தேடிப் பிடிக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் மனதின் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தாள். அதுவும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கட்டுரை அனுப்ப வேண்டிய நாள் காலையில், கிளம்பும் அவசரத்திலும், போனில் இருந்த படத்தைக் கணவனிடம் காட்டினாள். அவன் தையல்காரன். மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஏன் ஜாயின்ட் போட்டிருக்கு?"

"ஜாயின்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கணு."

"கணுவோ கினுவோ, மேல ஒரு துணி, கீழ ஒரு துணி. தச்சவன் ஏதோ அவசரத்துல இருந்திருக்கான்."

"மொதல்ல நீங்க தைக்கிற ஜாக்கெட்டுல ரெண்டு கையும் ஒரே நீளத்துல இருக்கான்னு பாருங்க. அப்புறம் செடிக்கு வரலாம்."

அவன் சிரித்துவிட்டு மிஷினை மிதித்தான். அவளுக்குத்தான் வழியெல்லாம் காது சுட்டது. கோரைத் தண்டின் நடுவில் கணு கிடையாது. நேற்றுச் சேர்ந்த மாணவிகூடச் சொல்வாள். பதினாறு வருடக்காரியின் வாய், கூசாமல், கணு என்று சொல்லிவிட்டது.

அலுவலகம் வந்ததும் சுடுதண்ணீரில் தூரிகையைத் தோய்த்து அந்தத் தண்டின் நடுவே தடவினாள். கொஞ்ச நேரத்தில் பசை இளகியது. தண்டு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. கீழ்த்துண்டு விரலில் இடறியது. மேல்துண்டு உருண்டது. விதையையும் பார்த்தாள், இனி ஒளிய இடமில்லை என்பதால். அசல் உருட்டுக்கோரை. தாளின் மூலையில் பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி, அவள் கையெழுத்தில். ஏதோ ஒரு மூட்டையில் செடிகள் ஒடிந்து கிடந்திருக்கும். நீளம் பொருந்தியதை எடுத்து ஒட்டியிருப்பாள்.

பசைக் கிண்ணம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திரும்ப ஒட்ட ஒரு நிமிடம் ஆகாது. ஒட்டினால், எங்கோ ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று, இவள் மேஜையைத் தவிர எங்கும் முளைக்காத ஒரு செடியைத் தேடி ஆயுசுக்கும் தண்டு உருட்டுவார். அதைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் பெயருக்கு இத்தனை பசி என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அந்தப் பயம் ஆறுவதற்குள் எழுந்து போனாள்.

இரண்டு துண்டையும் பார்த்த பூதக்கண்ணாடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அடப்பாவமே, உடச்சிட்டியா?"

"உடைக்கல சார். ஒட்டினத எடுத்தேன். பதினொரு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் தப்பா ஒட்டியிருக்கேன். ரெண்டும் குட்டையில மாடு மேயற சாதா கோரை."

அவர் முகம் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. "வீட்டுல அவ ஊரெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டாளேம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திரும்ப ஒட்டிடேன். உன் கை நேர்த்திக்கு யார் கண்டுபிடிக்கப் போறா?"

"என் வீட்டுக்காரரே கண்டுபிடிச்சிட்டார் சார். அவர் பாவாடை தைக்கிறவர்."

"உன் பேரும் சேர்ந்துதான் போகும். யோசிச்சியா?"

"ஒரு மாசமா அத மட்டும்தான் யோசிச்சேன். அதனாலதான் விதையப் பாக்கல."

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். முதலில் அவள் பெயரை அழித்தார். அவளுக்கு எதிரிலேயே, எழுத்தெழுத்தாக, ஒரு விரலால். மனைவியின் பெயரில் கை வைக்க இன்னும் தைரியம் வரவில்லை. அவள் நின்று பார்த்தாள். வலிக்கும் என்று நினைத்த இடத்தில் வலித்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை.

திடீரென்று அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா... இதுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்ச ஆறு புதுக் கோரை. அந்தத் தாளெல்லாம் ஒட்டினது யாரு?"

"இங்க ஒட்டுறதுக்கு வேற யார் சார் இருக்கா?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே யாரும் இல்லை, இருந்தாலும் சாத்தினார்.

"ஆறையும் எடுத்துட்டு வரவா சார்?" என்றாள் பசையக்கா. "சுடுதண்ணி இன்னும் ஆறல."