தபீதாள் வீட்டு நாற்றம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக் குளியலறையில் சாக்கடை வாடை அடித்தபோது பார்க்க வந்த பிளம்பர் தயாளன், குழாயைப் பிரித்துக்கொண்டே சொன்னான். ராஜகீழ்ப்பாக்கத்தில் நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தி நாலில் நடந்ததாம். பாதிதான் சொன்னான். மீதியோடு மூன்று மாதமாக மாரடிக்கிறேன்.

முதல் தொடக்கம் இது: தாம்பரத்துக்குக் கிழக்கே மேகங்கள் கருத்துத் திரண்டிருந்த அந்த

(விட்டுவிட்டேன். சாக்கடைக் கதைக்கு மேகம் ஒரு கேடா?)

இரண்டாவது: தபீதாளுக்கு மூக்கு பொல்லாதது. இது இருக்கட்டும்.

2

தபீதாளுக்கு மூக்கு பொல்லாதது. மே மாதம் ஒரு காலையில் வீட்டுக்குள் நாற்றம் வந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். எலி செத்திருக்கும் என்று அரிசி டின்னை எல்லாம் நகர்த்தினாள். எலி இல்லை. அவள் கணவர் வேதசிரோமணி, கணக்கு வாத்தியார், பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் மாட்டுக்கொட்டகை மேல் பழியைப் போட்டார். மனை விற்றவரே அந்த முனிரத்தினம்தான்.

"கொட்டாய் இருவது வருசமா கீது சார். உங்க வூட்டு நாத்தம் இப்பத்தானே வந்துகீது?" என்றார் அவர்.

செப்டிக் டேங்க்கைத் திறந்து பார்த்தார்கள். அதில் குறை இல்லை. பினாயில் ஊற்றி ஊற்றித் தபீதாளின் கை வெளுத்துப்போனது. முனிரத்தினத்தின் மனைவி கங்கையம்மாள் இரக்கப்பட்டுக் கொஞ்சம் சாம்பிராணி கொடுத்தாள். தபீதாள் தணலில் போட்டு இரண்டு அறை காட்டியிருப்பாள். வேதசிரோமணி தணல் சட்டியை வாங்கிக் கொல்லையில் கவிழ்த்தார்.

"இது என்ன, ஆர்.சி. கோயிலா?"

புராட்டஸ்டண்ட் வீட்டில் சாம்பிராணி புகைக்கும் வழக்கமில்லை. மேலே பேசினால் பியூலா பெயர் வந்துவிடும். ஈஸ்டர் முடிந்த வாரம் அவர்கள் ஒரே மகள் பியூலா, கூட வேலை பார்த்த சவுரிமுத்துவைக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே அவர் மகளின் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

ஜெபக்கூட்டத்துக்கு வந்த ரத்தினபாய் டீச்சர் பாட்டு முடியும்வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. மகளைப் பற்றிக் கேட்கக் கூசியவர்கள் எல்லாரும் நாற்றத்தைப் பற்றி விசாரித்தார்கள். தபீதாளுக்கு அலுத்துவிட்டது.

3

(வேதசிரோமணியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். ஒட்டவில்லை. அந்தத் தெருவிலேயே மகளுக்கென்று தனிக் குளியலறை வைத்து அறை கட்டியவர் அவர் ஒருவர்தான். இப்போது எப்படி எழுதுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டிருக்கிறேன்.)

கடைசியில் அவர்கள் கூப்பிட்டு வந்த தயாளன் வீடு முழுக்க மோந்து பார்த்துவிட்டுப் பூட்டிய கதவின் முன்னால் நின்றான்.

"இத்தத் தொறங்க சார்."

"அங்க யாரும் இல்லப்பா."

"அதான் சார் பேஜாரே."

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்து கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாக்கடை வாடையைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காமல் போட்டால் வெயிலுக்கு வற்றிவிடும். (என் வீட்டிலும் இதே கோளாறுதான். என் வீட்டில் யார் போனார்கள் என்பது இந்தக் கதையில் வராது.)

4

அறை திறந்தது. கொடியில் பியூலாவின் பாவாடை ஒன்று அப்படியே கிடந்தது.

"வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா போதும் சார். அம்மாம்தான்."

"யார் வாராவாரம் இதைத் திறந்து மூடறது? சிமெண்ட் போட்டு அடைச்சிடு."

"அடைச்சா அப்புறம் இங்க குளிக்க முடியாது சார்."

"யார் குளிக்கப் போறா?"

தயாளன் சிமெண்டைக் குழைத்தான். குழைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால், தபீதாள் அந்த ஓட்டையின் மேல் நின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் காலி வாளி. தரையெல்லாம் ஈரம்.

"நாத்தம் போயிடுச்சுங்க. மோந்து பாருங்க" என்றாள்.

"தள்ளு தபீதா."

"அவ வந்தா எங்க குளிப்பா?"

(தபீதாளுக்கு அப்போது கால் நடுங்கியது என்று எழுதியிருந்தேன். அது என் சரக்கு. தயாளன் சொன்னது, நின்றாள் என்பது மட்டும்.) தயாளன் குழைத்த சிமெண்டைத் தரையில் வைத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க சார்" என்று கிளம்பி வந்துவிட்டான்.

5

முடிவு அ: வேதசிரோமணி கண் கலங்கி (சினிமா.)

முடிவு ஆ: சிமெண்ட் சட்டியிலேயே இறுகிப்போகிறது. (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொத்துக்கரண்டி பிடிக்க வேதசிரோமணிக்கும் கை இருக்கிறதே.)

கடைசியில் பொறுக்காமல் போன வாரம் நானே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். கேட்டருகே நின்று மூச்சை இழுத்தேன். நாற்றம் இல்லை. அதை வைத்து என்ன செய்ய? அடைத்தாலும் வராது, தண்ணீர் ஊற்றினாலும் வராது.

வயதான ஓர் அம்மாள் வந்து, "யாரு வேணும் சார்?" என்றார். வாய் குழறி, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். சொம்பில் கொண்டுவந்தார். பாதி குடித்துவிட்டு மிச்சத்தை அங்கிருந்த செம்பருத்திக்கு ஊற்றப் போனேன்.

"கொட்டாதீங்க சார், குடுங்க" என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இந்த வருஷம் தெரு முழுக்கத் தண்ணீர்க் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். எந்த அறைப் பக்கம் திரும்பினார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சொம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.