ஸ்பாஞ்சு வைத்த உடுப்பு

தையல் கடையை மூடி ஆறு வருஷமாகிறது. கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. எதிர்ச்சாரியில் போகிறவரின் இடுப்பளவை இங்கிருந்தே சொல்லிவிடுவேன். ஒருமுறை போனில் ஒருவர் தும்மியதைக் கேட்டே அவர் சட்டைக்குக் கழுத்து வைத்தேன், நூலளவு பிசகவில்லை. நம்பாதவர்கள் அவரையே கேட்கலாம், செத்துப்போய்விட்டார்.

அப்படிப்பட்டவனிடம்தான் தங்கை மகள் தன் நடன உடுப்பை எடுத்துவந்தாள். பதினாறு வயது. வீட்டில் அவளைப் பம்பரம் என்போம். தொளதொளவென்றிருந்ததைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் மறுபடி வந்தாள்.

"இனிமே உன்னைக் கொடியில கிளிப் போட்டுத்தான்டி வைக்கணும்" என்றேன். சிரித்தாள். கூட ஆடுகிறவன் இப்போது அவளைப் பூ மாதிரி தூக்குகிறானாம். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம்.

மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. இன்னும் இளைத்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். உடுப்புக்குள் ஸ்பாஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத மாமா. ஆட்டம் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

தைத்தேன். பிரம்மனே தொட்டுப் பார்த்திருந்தாலும் தன் கைவேலை என்றுதான் நினைத்திருப்பான். பிள்ளை இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்றாள் தங்கை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மேடை ஒத்திகையில், தூக்கியவன் கையிலேயே அவள் தலை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உடுப்பைக் கத்தரித்தபோது ஸ்பாஞ்சு துண்டுதுண்டாகத் தரையில் விழுந்தது. உள்ளே பிள்ளை என்று கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. தங்கை குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். என் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, கண்ணால பாத்தே அளவு சொல்வியே."



இதயம் தளர்ந்திருக்கிறது, மனதுக்கும் சேர்த்துதான் வைத்தியம், மாதக்கணக்காகும் என்றார் டாக்டர்.

இன்று ஐந்தாவது வாரம். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. போர்வைக்கு மேல் கிடந்த மணிக்கட்டை என் கண் தானாகவே அளந்தது. போன வாரத்தைவிடக் குறைவு.

பம்பரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளந்துட்ட இல்ல? அம்மாகிட்ட சொல்லாத மாமா."

வெளியே நாற்காலியில் தங்கை இருந்தாள். கூட்டாமல் குறைக்காமல், வாழ்நாளில் முதல் தடவையாக, உள்ள அளவைச் சொன்னேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.