புல எண் 81

அரசிதழ் வெளியான அன்று காலை ஏழு மணிக்குத் தட்டச்சரின் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து நின்றது. மழை இல்லை. குழாய் உடையவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம்கூடப் படவில்லை. கூடத்தில் கோரை முளைத்திருந்தது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மீன்குஞ்சுகள் திரிந்தன. அதே நேரத்தில் ஊருக்கு வெளியே இருந்த சதுப்பு வற்றிப்போனது. பாதுகாக்கப்பட்ட ஈரநிலம், புல எண் 18 என்று அடிக்கவேண்டிய இடத்தில் அவள் 81 என்று அடித்திருந்தாள். 81 அவள் வீடு. தண்ணீர் அறிவிப்பின்படி இடம் மாறியிருந்தது.

கணவனுக்கு ஆஸ்துமா. கட்டில்மேல் காலை மடக்கிக்கொண்டு, "மாத்தி அடிச்சுத் தொலை. தவளையோட எல்லாம் என்னால குடித்தனம் நடத்த முடியாது" என்றான். ஈரநிலத்தின் இயல்பைக் கெடுக்கக் கூடாது என்பது விதி. தண்ணீரை இறைக்கக் கூடாது. அடுப்பை மேசைமேல் ஏற்ற அனுமதி கேட்டாள். நான்கு மாதத்தில் கிடைத்தது. உரிமையாளர் குடியிருக்கும்வரைதான் அறிவிப்பு செல்லுபடியாகும், காலிசெய்தால் ஈரநிலம் பழைய இடத்துக்கே திரும்பும் என்று இன்னொரு விதியும் இருந்தது. கணவன் ஒரு மாதம் இருமிப் பார்த்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனான். திருத்தம் வந்ததும் திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

திருத்தக் கோப்பு இரண்டு வருடம் சுற்றிவிட்டு அவள் மேசைக்கே வந்தது. அதற்குள் காய்ந்த சதுப்பை அரசு வீட்டுமனையாக வகைமாற்றி, குடியிருப்பு கட்டி, முந்நூறு குடும்பங்களைக் குடிவைத்திருந்தது. "அடிங்கம்மா, நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார் தலைமை எழுத்தர். "அங்க இருக்கறவங்க காலைல ஏழு மணிக்குள்ள நீச்சல் கத்துக்கணும், அவ்வளவுதான்." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். தாளை ஏற்றி ஒன்றை அடித்தாள். எட்டின்மேல் விரல் நின்றது. ஐந்து மணிக்குத் தாளை உருவிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் வந்து ரோட்டிலேயே நின்றான்.

"அடிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப கெளம்பி வா. தம்பி வீட்ல ஒரு ரூம் இருக்கு."

"நான் வந்தா தண்ணி அந்த முந்நூறு வீட்டுக்குப் போயிடும்ங்க."

அவன் இருமிவிட்டு, அவள் கையிலிருந்த பீன்ஸைப் பார்த்தான். "சரி, அந்த பீன்ஸைக் குடு, நறுக்கித் தர்றேன்" என்றான்.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தான். அவன் ரோட்டில் நாற்காலி போட்டுக்கொள்வான். அவள் வாசலுக்கு உள்ளே, தண்ணீரில் கால் விட்டு முக்காலியில் உட்காருவாள். ஏழாம் வருடம் பறவைக் கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்தார். கூடத்தில் நாரை பதினொன்று, சமையலறையில் நீர்க்கோழி நான்கு என்று எழுதிக்கொண்டார். வாசலில் காய் நறுக்குகிறவனைக் காட்டி, "இவரு?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வருவாரு."

அலுவலர் யோசித்துவிட்டு, 'வலசை வருபவை' என்ற பத்தியில் ஒன்று என்று எழுதினார். கணவன் எட்டிப் பார்த்து, "ஆண்னு போடுங்க சார்" என்றான்.

அலுவலர் போட்டார்.